மிக நீர்த்த மாதிரியிலிருந்து டிஎன்ஏ, ஆர்என்ஏவை இழக்காமல் மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில், செல்லுக்கு வெளியே மிதக்கும் டிஎன்ஏ சில நானோகிராம் அளவுக்குத்தான் இருக்கும். குளத்து நீரில் ஒரு தவளை விட்டுச்செல்லும் டிஎன்ஏ, பழைய எலும்புத்தூள், கழிவுநீரில் கலந்த வைரஸ் ஆர்என்ஏ, ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்த மங்கலான ஒரு பட்டை, எல்லாவற்றிலும் நிலைமை இதுதான். வேண்டிய மூலக்கூறுகள் இருக்கின்றன, ஆனால் மிகக் குறைவாக, நிறையத் தண்ணீரில் பரவிக் கிடக்கின்றன.

இப்படிப்பட்ட மாதிரி கையில் கிடைத்ததும் பல ஆய்வகங்களில் செய்வது ஒன்றுதான். எத்தனால் சேர்த்து, இரவு முழுக்க மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்து, காலையில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிவிட்டு, பெல்லெட் (டியூபின் அடியில் படியும் திரள்) தெரியவில்லையே என்று கவலைப்படுவது. குளிர் போதாததால் டிஎன்ஏ தொலைவது மிக அரிது. சுழற்சி போதாமல் தொலைகிறது, டியூபின் சுவரில் ஒட்டித் தொலைகிறது, கடைசியில் கரைக்கும்போது எட்டாத இடத்தில் தங்கித் தொலைகிறது. கவனத்தை இந்த மூன்று இடங்களுக்கு மாற்றினாலே கிடைக்கும் அளவு கணிசமாகக் கூடும். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் ஒரு கணக்கு

பைபெட்டைக் கையில் எடுக்கும் முன், மாதிரியில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கலாம் என்று தாளில் போட்டுப் பாருங்கள். மனித மரபணுத்தொகுதியின் ஒரு பிரதி (ஒற்றைத் தொகுதி) சுமார் 3.3 பிக்கோகிராம் எடை. அப்படியானால் 1 நானோகிராம் மனித டிஎன்ஏவில் ஏறத்தாழ 300 பிரதிகள் இருக்கும். நீங்கள் தேடும் மரபணு மாற்றம் நூற்றில் ஒரு பிரதியில்தான் இருக்கிறது என்றால், மொத்தமே 3 பிரதிகள். மீட்பு பாதிதான் என்றால் ஒன்றரை. வடித்தெடுத்த கரைசலில் கால்பங்கை மட்டும் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் வினை) போட்டால் சராசரி ஒன்றுக்கும் கீழே போய்விடும்.

ஒரு பிசிஆர் குழியில் குறைந்தது ஒரு பிரதியாவது விழும் வாய்ப்பு 95 சதவீதம் இருக்க வேண்டுமானால், சராசரியாக ஒரு குழிக்கு 3 பிரதிகள் வேண்டும். பாய்சான் பரவல் சொல்லும் கணக்கு இது. எந்த கிட் வாங்கினாலும் மாறாது. கணக்கு ஒத்துவரவில்லை என்றால் மீட்பு முறையை மெருகேற்றுவதில் பயனில்லை. அதிக ரத்தம், அதிக நீர், அதிக திசு எடுப்பதுதான் வழி. இந்த ஐந்து நிமிடக் கணக்கைப் போடாமல் தொடங்கி, கடைசியில் வேதிப்பொருளைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

எத்தனால் என்ன செய்கிறது, நீர்த்த கரைசலில் ஏன் தடுமாறுகிறது

டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின்சுமை கொண்ட பாஸ்பேட்டுகள். தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80-ஐ ஒட்டி இருப்பதால், சோடியம் அயனிகள் அந்தப் பாஸ்பேட்டுகளை நெருங்கி ஒட்டிக்கொள்ள முடியாது. எத்தனாலின் மாறிலி 24-ஐ ஒட்டியது. எத்தனால் கூடக்கூட அயனிகளுக்கிடையே ஈர்ப்பு வலுக்கும், சோடியம் பாஸ்பேட்டோடு சேரும், மின்சுமை தணியும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த டிஎன்ஏ இழைகள் இப்போது ஒன்றுசேர்ந்து வீழ்படிவாகும்.

கவனிக்க வேண்டியது அந்த 'ஒன்றுசேர்ந்து' என்பதைத்தான். இழைகள் ஒன்றையொன்று சந்தித்தால்தான் திரளும். செறிவு பத்தில் ஒன்றாகக் குறைந்தால், சந்திப்பு நூற்றில் ஒன்றாகக் குறைகிறது. கரையும் தன்மை போய்விட்டாலும், திரண்டு கீழே இறங்கும் அளவுக்குத் துகள் பெரிதாவதில்லை. அந்தக் குட்டித் துகள்களைக் கீழே கொண்டுவரச் சுழற்சிதான் வேண்டும். குளிர் அங்கே எதிர்வேலையே செய்கிறது. மைனஸ் 80 டிகிரியில் எத்தனால் கலவை பாகுபோலக் கெட்டிப்படும், துகள்கள் நகர்வது மெதுவாகும். உருகும் ஐஸின் வெப்பநிலையே போதும் என்பது 1980-களிலேயே சோதித்துக் காட்டப்பட்ட விஷயம். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் அளவுக்கு நீர்த்த டிஎன்ஏகூட 0 டிகிரியில் வீழ்படிவாகி, நன்றாகச் சுழற்றினால் சாதாரண மைக்ரோஃபியூஜிலேயே கிடைத்துவிடும். மைனஸ் 80 ஃப்ரீசர் இல்லாத கல்லூரி ஆய்வகம் இதற்காக வருந்த வேண்டியதே இல்லை.

அதற்கும் கீழான செறிவு என்றாலோ, இழை 100 கார இணைகளுக்கும் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) குட்டை என்றாலோ, துணை வேண்டும்.

துணைக்கு ஒரு கேரியர்

கேரியர் என்பது எத்தனாலில் தானும் வீழ்படிவாகி, போகிற போக்கில் டிஎன்ஏவையும் பிடித்துக்கொண்டு இறங்கும் பெரிய மூலக்கூறு. சந்திக்க ஆளில்லாமல் மிதக்கும் இழைகளுக்கு அது சந்திப்பிடம். கண்ணுக்குத் தெரியும் பெல்லெட்டையும் தருகிறது. கையாளும் பதற்றத்தை இது எவ்வளவு குறைக்கும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புழக்கத்தில் மூன்று உண்டு. ஈஸ்ட் டிஆர்என்ஏ (ஈஸ்டிலிருந்து எடுக்கும் சிறிய ஆர்என்ஏ வகை) மலிவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் அது தானே ஒரு நியூக்ளிக் அமிலம். டிஎன்ஏவை அளக்கப் பயன்படும் 260 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி உங்கள் அளவீட்டைக் கெடுக்கும், கைனேஸ் (இழையின் முனையில் பாஸ்பேட் சேர்ப்பது) போன்ற நொதிகள் உங்கள் இழையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆர்என்ஏ வரிசைப்படுத்தலுக்குப் போகும் மாதிரியில் அதைச் சேர்க்கவே கூடாது. கிளைகோஜன் அடுத்தது. பல ஆய்வகங்களின் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும், நீலச்சாயம் ஏற்றியதும் கிடைக்கும். மாதிரிக்கு 20 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. ஆனால் கிளைகோஜன் சிப்பி போன்ற உயிரிகளிலிருந்து எடுக்கப்படுவது. அதனோடு துளியளவு டிஎன்ஏ வந்துவிட வாய்ப்பு உண்டு. நீர்நிலைகளில் எந்த உயிரினம் இருக்கிறது என்று தேடுகிறவர்களுக்கு இது சின்னப் பிரச்சினை அல்ல.

என் தேர்வு மூன்றாவது: நேர்கோட்டுப் பாலிஅக்ரிலமைடு, சுருக்கமாக எல்பிஏ. கையார்டு, ஸ்ட்ராஸ் இருவரும் 1990-ல் விவரித்த முறை. உயிரியிலிருந்து வராததால் டிஎன்ஏ கலப்பு இல்லை, 260 நானோமீட்டரில் தலையிடாது, பெரும்பாலான நொதிகளுக்கு இடைஞ்சல் இல்லை. பிக்கோகிராம் அளவு டிஎன்ஏவையும் இறக்கிவிடும். இருபது நியூக்ளியோடைடுக்கும் குட்டையான துண்டுகளை அது பிடிப்பதில்லை. ப்ரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் குட்டை இழை) மிச்சங்களைக் கழற்ற விரும்புகிறவர்களுக்கு அதுவும் லாபம்தான்.

எல்பிஏவை ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். பிஸ்அக்ரிலமைடு கலக்காத 5 சதவீத அக்ரிலமைடு கரைசலை, 40 மில்லிமோலார் ட்ரிஸ், 20 மில்லிமோலார் சோடியம் அசிடேட், 1 மில்லிமோலார் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) கொண்ட பிஎச் 7.8 பஃபரில் தயாரியுங்கள். அம்மோனியம் பர்சல்ஃபேட் 0.1 சதவீதம், டெமெட் ஆயிரத்தில் ஒரு பங்கு (இரண்டும் பாலிமராவதைத் தொடங்கிவைப்பவை) சேர்த்து அரை மணி நேரம் விடுங்கள். கரைசல் கெட்டியான பாகாக மாறும். இரண்டரை மடங்கு எத்தனால் ஊற்றினால் வெண்மையாகத் திரண்டு வரும். அதைச் சுழற்றி எடுத்து, தொடக்க அளவைப்போல 20 மடங்கு டிஇ பஃபரில் (ட்ரிஸும் இடிடிஏவும் கலந்தது) கரைத்தால் மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் கொண்ட கரைசல் தயார். கரைய நேரமெடுக்கும், இரவு முழுக்க அசைந்தபடி விடலாம். அக்ரிலமைடு பாலிமராகும் முன் நரம்பு நச்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூளை எடை போடும்போது முகக்கவசமும் வேண்டும்.

செய்முறை: 400 மைக்ரோலிட்டர், 2 நானோகிராம்

உதாரணத்துக்கு 400 மைக்ரோலிட்டரில் 2 நானோகிராம் டிஎன்ஏ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம், நல்ல நீர்த்த கரைசல்.

படி 1. குறைந்த ஒட்டுதல் கொண்ட 2 மில்லிலிட்டர் டியூப் ஒன்றை எடுங்கள். 1.5 மில்லிலிட்டர் டியூபில் இது அடங்காது, இரண்டாகப் பிரித்தால் சுவர்ப்பரப்பு இரட்டிப்பாகும், இழப்பும் கூடும். உப்பு அதிகமான கரைசலில் சாதாரண பாலிப்ரோப்பிலீன் சுவரில் டிஎன்ஏ ஒட்டிக்கொள்ளும். மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும்போது இது தெரியாது, நானோகிராமில் வலிக்கும்.

படி 2. நான்கு மைக்ரோலிட்டர் எல்பிஏ (10 மைக்ரோகிராம்) சேர்த்துக் கலக்குங்கள். கேரியர் முதலில், உப்பும் எத்தனாலும் பிறகு. எத்தனாலுக்குப் பிறகு கேரியரை ஊற்றினால் அது விழுந்த இடத்திலேயே தனியாகத் திரண்டுவிடும், டிஎன்ஏ தனியாக நிற்கும்.

படி 3. பிஎச் 5.2 கொண்ட 3 மோலார் சோடியம் அசிடேட் 40 மைக்ரோலிட்டர். உங்கள் துண்டுகள் 200 கார இணைகளுக்கும் குட்டை என்றால் மக்னீசியம் குளோரைடை 10 மில்லிமோலார் வரும்படி சேர்ப்பது உதவும்.

படி 4. முழுத்தூய எத்தனால் 1,100 மைக்ரோலிட்டர். இது 400-க்கு அல்ல, உப்பும் சேர்ந்த 440-க்கு இரண்டரை மடங்கு. பலர் சறுக்கும் இடம் இதுதான். ஆர்என்ஏ என்றால் மூன்று மடங்கு வரை போகலாம், அப்போது மாதிரியைக் கொஞ்சம் குறைத்தால்தான் டியூபில் இடம் இருக்கும். மூடி, பத்துப் பதினைந்து தடவை தலைகீழாகப் புரட்டுங்கள். எத்தனால் மேலே தனி அடுக்காக நின்றுவிட்டால் பாதிக் கரைசலில் எதுவுமே நடக்காது.

படி 5. ஐஸில் 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் மைனஸ் 20-ல் இரவு முழுக்க வைத்தாலும் கெடுதல் இல்லை.

படி 6. சுழற்சி. 4 டிகிரியில், 14,000 முதல் 16,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வரை, குறைந்தது 30 நிமிடம். இவ்வளவு நீர்த்த மாதிரிக்கு ஒரு மணி நேரம் கொடுக்கச் சொல்வேன். நேரத்தைச் செலவழிக்கத் தகுந்த ஒரே இடம் இது. டியூபை வைக்கும்போது மூடியின் கீல் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும். பெல்லெட் தெரியாவிட்டாலும், அது கீல் இருக்கும் பக்கத்தின் அடியில்தான் இருக்கும்.

படி 7. மேல்திரவத்தை எடுக்கும்போது பைபெட் முனையைக் கீலுக்கு எதிர்ப்பக்கச் சுவரில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். கடைசி 30 மைக்ரோலிட்டரைத் தொடாதீர்கள். ஒருமுறை சில விநாடி சுழற்றி, நுண்ணிய முனையால் மிச்சத்தை எடுங்கள். கவிழ்த்து ஊற்றுவது இந்த அளவுக்கு உகந்ததல்ல. எடுத்த மேல்திரவத்தை முடிவு தெரியும் வரை கொட்ட வேண்டாம். பெல்லெட் நழுவிப் போயிருந்தால் அங்கேதான் இருக்கும், மறுபடி சுழற்றி மீட்கலாம்.

படி 8. புதிதாகத் தயாரித்த 70 சதவீத எத்தனால் ஒரு மில்லிலிட்டரைச் சுவரோடு ஊற்றிக் கழுவுங்கள். மாதக்கணக்கில் திறந்து மூடிய பாட்டிலில் எத்தனால் ஆவியாகித் தண்ணீர் கூடியிருக்கும். அதில் கழுவினால் டிஎன்ஏவே கரைந்து போகும். மிகக் குட்டைத் துண்டுகளுக்கு 80 சதவீதம் பாதுகாப்பு. கழுவியதும் பெல்லெட் தளர்ந்துவிடும் என்பதால், அதே திசையில் வைத்து மீண்டும் 10 நிமிடம் சுழற்றுங்கள். இந்த இரண்டாம் சுழற்சியைத் தவிர்க்கிறவர்கள் முதல் சுழற்சியில் சம்பாதித்ததை இங்கே கொட்டுகிறார்கள்.

படி 9. மூடியைத் திறந்து 5 முதல் 10 நிமிடம் காற்றில் உலரவிடுங்கள். சுவரில் ஈரம் மறைந்தால் போதும். நீண்ட இழைகள் காய்ந்து இறுகிவிட்டால் திரும்பக் கரைவது கடினம்.

படி 10. கரைப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டியூபைச் சாய்வாகவே வைத்துச் சுழற்றும் நிலைக்கோண ரோட்டரில் டிஎன்ஏ அடியில் மட்டும் உட்காருவதில்லை, வெளிப்பக்கச் சுவர் முழுக்க மெல்லிய பூச்சாகப் பரவுகிறது. பாதி வரைகூட அங்கே இருக்கலாம். அடியில் 15 மைக்ரோலிட்டர் பஃபரை விட்டு ஒருமுறை உறிஞ்சித் துப்பினால் அந்தப் பாதி டியூபோடு குப்பைக்குப் போகும். எனவே 20 மைக்ரோலிட்டர் பஃபரை (10 மில்லிமோலார் ட்ரிஸ் பிஎச் 8.0, 0.1 மில்லிமோலார் இடிடிஏ) கீல் பக்கச் சுவரில் மேலிருந்து விடுங்கள். டியூபைச் சாய்த்து, அந்தத் துளியைச் சுவர் முழுக்க உருட்டுங்கள். 37 டிகிரியில் 10 நிமிடம், மீண்டும் உருட்டல், பிறகு சில விநாடி சுழற்றிக் கீழே இறக்குங்கள். அவசரப்பட வேண்டாத படி இது.

எந்த உப்பு எப்போது

சோடியம் அசிடேட் பொது உபயோகத்துக்கு. மாதிரியில் எஸ்டிஎஸ் (செல்களை உடைக்கப் பயன்படும் சோப்புப் பொருள்) இருந்தால் சோடியம் குளோரைடு (இறுதி 0.2 மோலார்) நல்லது, அப்போது எஸ்டிஎஸ் 70 சதவீத எத்தனாலிலும் கரைந்தே இருந்து கழுவலில் போய்விடும். அம்மோனியம் அசிடேட் (2 முதல் 2.5 மோலார்) தனி நியூக்ளியோடைடுகள் கூடவே இறங்குவதைக் குறைக்கும். ஆனால் அடுத்து டி4 பாலிநியூக்ளியோடைடு கைனேஸ் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் வேண்டாம், அம்மோனியம் அயனி அந்த நொதியைத் தடுக்கும். லித்தியம் குளோரைடு ஆர்என்ஏவுக்குப் பிரபலம் என்றாலும், எத்தனால் இல்லாமல் லித்தியத்தை மட்டும் நம்பும் முறை நீர்த்த மாதிரிக்குச் சரிப்படாது. அது செறிவான, நீளமான ஆர்என்ஏவுக்கானது. மிச்சமிருக்கும் லித்தியம், ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ செய்யும் ரிவர்ஸ் ட்ரான்ஸ்கிரிப்டேஸ் நொதியையும் பாதிக்கும்.

பாஸ்பேட் பஃபரிலோ, அதிக இடிடிஏவிலோ உள்ள மாதிரிக்கு எத்தனால் ஊற்றினால் அவையும் சேர்ந்து இறங்கி வெள்ளைப் பெல்லெட்டாக ஏமாற்றும். 'டிஎன்ஏ நிறைய வந்திருக்கிறது' என்ற மகிழ்ச்சி பிசிஆர் வரைதான்.

மாதிரி மில்லிலிட்டர் கணக்கில் இருந்தால்

பெரிய அளவை எப்படிக் கையாளலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2008-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வு. அமெரிக்கக் காளைத்தவளை பிரான்சின் குளங்களில் பரவியிருக்கிறதா என்பதை, தவளையைப் பார்க்காமல், குளத்து நீரை மட்டும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஃபிசெட்டோலாவும் குழுவினரும் செய்தது எளிமையானது: 15 மில்லிலிட்டர் குளத்து நீர், 1.5 மில்லிலிட்டர் 3 மோலார் சோடியம் அசிடேட், 33 மில்லிலிட்டர் எத்தனால். கூட்டிப் பாருங்கள், 49.5. ஒரு 50 மில்லிலிட்டர் டியூபில் சரியாக அடங்குகிறது. குளக்கரையிலேயே எத்தனாலில் விழுந்துவிடுவதால், ஆய்வகம் போய்ச் சேரும் வரை டிஎன்ஏ சிதைவதும் குறைகிறது. பிறகு வந்த பலர் லிட்டர் கணக்கில் நீரை வடிதாளில் இறக்கி, வடிதாளிலிருந்து டிஎன்ஏவை எடுக்கிறார்கள். கலங்கலற்ற நீருக்கு அதுவே மேல். சேறு கலந்த குளத்தில் வடிதாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அங்கே பழைய எத்தனால் முறைக்கு இன்னும் இடம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 50 மில்லிலிட்டர் டியூப்கள் மைக்ரோஃபியூஜ் டியூபைப்போல 16,000 ஜி தாங்காது. டியூபின் மேல் குறிப்பிட்டிருக்கும் எல்லையைப் பார்த்து, வேகம் குறைந்த அளவுக்கு நேரத்தைக் கூட்டுங்கள்.

ஓரிரு மில்லிலிட்டரைச் சுருக்க 2-பியூட்டனால் நல்ல வழி. மாதிரியோடு சம அளவு பியூட்டனாலைக் கலக்கிச் சுழற்றினால், மேலே நிற்கும் பியூட்டனால் அடுக்கு தண்ணீரில் ஒரு பகுதியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், டிஎன்ஏ கீழே சுருங்கிய தண்ணீரில் இருக்கும். மேலடுக்கை எடுத்துவிட்டு வேண்டிய அளவு வரும் வரை திரும்பச் செய்யலாம். உப்பும் கூடவே செறிவாகும் என்பதால் அதன்பின் எத்தனால் வீழ்படிவு கட்டாயம். பியூட்டனாலை அளவுக்கு மீறிச் சேர்த்தால் தண்ணீர் அடுக்கே காணாமல் போகும். அப்படி ஆனால் பதற வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கலக்கினால் அடுக்கு திரும்பி வரும்.

சவ்வு வடிகட்டிகள் (30 அல்லது 100 கிலோடால்டன்) உப்பையும் சேர்த்துக் கழற்றும் என்பது வசதி. சவ்வை முதலில் பஃபரால் நனைத்துக்கொள்ளுங்கள், உலரும் வரை சுழற்றாதீர்கள், முடிவில் தலைகீழாக வைத்துச் சுழற்றி எடுத்தபின் இன்னொரு சிறிய அளவு பஃபரால் சவ்வைக் கழுவி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றிட ஆவியாக்கிக் கருவியை நான் கடைசித் தேர்வாகத்தான் வைப்பேன். தண்ணீர் போகும், உப்பு, இடிடிஏ, தடுப்பான்கள் எல்லாம் அங்கேயே செறிவாகி நிற்கும்.

புரதத்தை நீக்க ஃபீனால்–குளோரோஃபார்ம் தேவைப்படும் மாதிரி என்றால், பிரித்தெடுத்த கீழடுக்கையும் இடைப்படலத்தையும் உடனே கொட்டாதீர்கள். சம அளவு டிஇ பஃபரை ஊற்றி இன்னொரு முறை கலக்கி, அந்தத் தண்ணீர் அடுக்கையும் முதலாவதோடு சேருங்கள். நீர்த்த மாதிரியில் இந்த ஒரு திரும்பப் பிரிப்பு கவனிக்கத்தக்க வித்தியாசம் தரும்.

சிலிக்கா குழல்களும் காந்த மணிகளும்

கிட்டில் வரும் சிலிக்கா ஸ்பின் குழல்கள் வேலை செய்யும் அடிப்படையை, குவானிடின் உப்பில் டிஎன்ஏ சிலிக்காவோடு ஒட்டிக்கொள்வதை, பூமும் குழுவினரும் 1990-ல் நோய்க்கண்டறிதலுக்குக் கொண்டுவந்தார்கள். நீர்த்த மாதிரியில் இதன் பலவீனம், சிலிக்கா தன் பங்குக்குக் கொஞ்சத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது. நிறைய டிஎன்ஏ இருந்தால் அது கணக்கில் வராது. நானோகிராமுக்கும் கீழே அது பெரிய பங்கு. வைரஸ் ஆர்என்ஏ கிட்களில் கேரியர் ஆர்என்ஏ தருவது இதற்குத்தான். சேர்க்காமல் விட்டால் முறை பாதி முறையாகிவிடும். ஆனால் அந்தக் கேரியர் பெரும்பாலும் பாலி-ஏ (அடினின் மட்டுமே கொண்ட இழை) என்பதால், பிறகு அதே அடினின் வால்களோடு ஒட்டும் ஒலிகோ-டிடி கொண்டு எம்ஆர்என்ஏ பிடிக்கும் வேலைக்கு ஆகாது. கேரியர் சேர்த்த கரைசலின் ஒளி உறிஞ்சலை அளந்தால் கிடைப்பது கேரியரின் அளவுதான்.

வடித்தெடுக்கும் பஃபரை 55 முதல் 65 டிகிரிக்குச் சூடாக்கி, சவ்வின் நடுவில் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டுச் சுழற்றுங்கள். 50 மைக்ரோலிட்டரை ஒரே முறையாக விடுவதைவிட 25-ஐ இரண்டு முறை விடுவது பொதுவாக அதிகம் தரும். பஃபர் லேசான காரத்தன்மையோடு (பிஎச் 8 முதல் 8.5) இருக்கட்டும். வெறும் தண்ணீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அமிலப்பக்கம் சாய்ந்திருக்கும், டிஎன்ஏ சிலிக்காவை விட்டு வர மறுக்கும்.

குட்டைத் துண்டுகள் ஒட்டாமல் நழுவுவது இன்னொரு சிக்கல். இதற்கு விடை தந்தது பழங்கால டிஎன்ஏ ஆய்வுதான். ஸ்பெயினின் அட்டபுவெர்க்கா குகைத்தொகுதியில் கிடைத்த, மூன்று லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய குகைக்கரடி எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்த டாப்னியும் குழுவினரும் 2013-ல் வெளியிட்ட முறையில், ஒட்டவைக்கும் பஃபரில் 5 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடோடு 40 சதவீத ஐசோப்ரோப்பனால் சேர்த்து, மாதிரியைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாக ஊற்றினார்கள். முப்பது நாற்பது கார இணைத் துண்டுகளும் சிலிக்காவில் நின்றன. பிளாஸ்மா டிஎன்ஏவின் வழக்கமான நீளம் 166 கார இணைகளை ஒட்டியது. அங்கும் ஐசோப்ரோப்பனாலைக் கூட்டும் இந்த யோசனை கைகொடுக்கும்.

குவானிடின் கலந்த கழிவில் ப்ளீச்சை ஊற்றவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

டிஎன்ஏவை ஒட்டவைத்துக் காந்தத்தால் இழுத்தெடுக்கும் காந்த மணிகளின் பெரிய பலம் எல்லாம் ஒரே டியூபில் முடிவது. விகிதத்தைக் கவனியுங்கள்: மணிக்கரைசல் 1.8 மடங்கு என்றால் 100 கார இணைக்கு மேற்பட்டவை பெரும்பாலும் நிற்கும், விகிதம் குறையக்குறையக் குட்டைகள் போய்விடும். நீர்த்த மாதிரிக்கு ஒட்டும் நேரத்தை வழக்கமான 5 நிமிடத்திலிருந்து 10, 15 நிமிடமாக்குங்கள். காந்தத்தில் கரைசல் முழுக்கத் தெளியும் வரை பொறுங்கள். மணிகள் வெடிப்பு விடும் அளவுக்குக் காய்ந்தால் டிஎன்ஏ திரும்பி வருவது குறையும்.

எவ்வளவு மீண்டது என்று அறிவது

நானோட்ராப் போன்ற கருவிகள் மைக்ரோலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. நம் உதாரணத்தில் முழுவதும் மீண்டாலும் 20 மைக்ரோலிட்டரில் 2 நானோகிராம், அதாவது 0.1. கருவி ஒரு எண்ணைக் காட்டும், அதற்கு அர்த்தம் இல்லை. க்யூபிட் போன்ற ஒளிரும் சாய முறை மைக்ரோலிட்டருக்கு 10 பிக்கோகிராம் வரை இறங்கும். அதற்கும் கீழே கியூபிசிஆர் (பிரதிகளை எண்ணிச் சொல்லும் பிசிஆர்) தான்.

மீட்பை உண்மையில் அறிய ஒரே வழி, மாதிரியில் இல்லவே இல்லாத ஒரு செயற்கை வரிசையைத் தெரிந்த எண்ணிக்கையில் கலந்து, கடைசியில் எத்தனை வருகிறது என்று பார்ப்பது. தொடக்கத்தில் 10,000 பிரதிகள் சேர்த்தீர்கள், 20 மைக்ரோலிட்டர் வடித்தீர்கள், அதில் 5 மைக்ரோலிட்டரில் கியூபிசிஆர் 1,500 காட்டுகிறது என்றால் மொத்தம் 6,000, மீட்பு 60 சதவீதம். செயற்கை வரிசையின் நீளம் நீங்கள் தேடும் துண்டின் நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும். ஆயிரம் கார இணை நீளத் துண்டு நன்றாக மீள்வதால் 100 இணைத் துண்டும் மீள்கிறது என்று ஆகாது.

இதை மூன்று டியூபாகச் செய்தால் தவறு எங்கே என்பதும் தெரியும். முதலாவதில் மாதிரியோடு தொடக்கத்திலேயே செயற்கை வரிசை. இரண்டாவதில் மாதிரிக்குப் பதில் வெறும் பஃபர், அதே செயற்கை வரிசை. மூன்றாவதில் மாதிரியை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, வடித்த கரைசலில் கடைசியாகச் செயற்கை வரிசை. மூன்றாவதே குறைவாகக் காட்டினால் இழப்பு அல்ல, தடுப்பான் பிரச்சினை. மண், குளத்து நீர் மாதிரிகளில் மக்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹ்யூமிக் அமிலம் டிஎன்ஏவோடு சேர்ந்தே செறிவாகி வரும். கரைசலைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டதும் பிசிஆர் எழுந்துகொண்டால் அதுதான் காரணம். மூன்றாவது சரி, இரண்டாவதும் சரி, முதலாவது மட்டும் குறைவு என்றால் மாதிரியில் உள்ள புரதமோ, உப்போ வீழ்படிவைக் கெடுக்கிறது. இரண்டாவதும் குறைவு என்றால் செய்முறையிலேயே ஓட்டை: சுழற்சி, சுவர், கரைத்தல் என்று வரிசையாகப் பாருங்கள்.

இவற்றோடு, எதையுமே சேர்க்காத வெற்று டியூப் ஒன்றும் எல்லாப் படிகளையும் கடந்து வரட்டும். சில பிரதிகளைத் தேடும் வேலையில், கேரியரிலிருந்தோ, பக்கத்து மேசையின் பிசிஆர் தூசியிலிருந்தோ வரும் சில பிரதிகள் முழு முடிவையும் பொய்யாக்கிவிடும். பிரித்தெடுக்கும் அறையும் பிசிஆர் அறையும் வேறாக இருப்பதும், வடிகட்டி வைத்த பைபெட் முனைகளும் இந்த வேலைக்கு அடிப்படைத் தேவைகள்.

மீட்டதை வைத்துக்கொள்வது

இருபது மைக்ரோலிட்டரில் இருக்கும் 1 நானோகிராம் டிஎன்ஏ, சாதாரண டியூபில் வாரக்கணக்கில் கிடந்தால் மறுபடி சுவருக்குப் போகத் தொடங்கும். குறைந்த ஒட்டுதல் டியூபில், இடிடிஏ குறைந்த டிஇ பஃபரில் வையுங்கள். அடுத்த வேலைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் 0.05 சதவீத ட்வீன்-20 (மென்மையான சோப்புப் பொருள்) சேர்ப்பது சுவர் ஒட்டுதலைக் குறைக்கும். ஒரு வாரத்துக்குள் பயன்படுத்தப்போகும் டிஎன்ஏவை 4 டிகிரியிலேயே வைக்கலாம். நீண்ட நாளுக்கு என்றால் ஒருமுறைக்குத் தேவையான பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20-ல். ஆர்என்ஏ என்றால் மைனஸ் 80. இங்கேதான் அந்த ஃப்ரீசர் உண்மையில் பயன்படும். ஆர்என்ஏவை நீண்டகாலம் வைக்க இன்னும் நல்ல வழி, கரைக்காமல் எத்தனாலிலேயே வீழ்படிவாக விட்டுவைப்பது. தேவைப்படும் நாளில் படி 6-லிருந்து தொடர்ந்தால் போதும்.